வன்னியிலிருந்து பழைய வாள்களைப் பற்றி முறையாகக் கற்பது எப்படி?

வரலாற்று ஆசிரியை, ஒட்டுசுட்டான்

அனைவருக்கும் வணக்கம். நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் உயர்தர, சாதாரண தர மாணவர்களுக்கு வரலாறு கற்பித்து வருகிறேன். பிரித்தானியரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் நினைவு நாள் நெருங்கும் போது மாணவர்கள் படங்கள் வரைந்து வருவது எங்கள் பாடசாலையின் வழக்கம். ஒரு படத்தில் அவன் கையில் ஐரோப்பிய வீரனின் நேரான இருபக்க வாள் இருக்கிறது. இன்னொன்றில் பாரசீகர்கள் வைத்திருந்தது போன்ற வளைந்த வாள். வேறொன்றில் கணினி விளையாட்டில் கண்ட யப்பானிய வாள். இவற்றுள் எது 1803ஆம் ஆண்டில் வன்னியில் உண்மையாக இருந்திருக்கக் கூடியது என்று ஒரு மாணவி கேட்டாள். இது நல்ல கேள்வி என்பதால் அவளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு இங்கே எழுதுகிறேன்.

இதனோடு சேர்ந்த இன்னொரு விடயமும் உண்டு. அதே மாணவியின் வீட்டில் பழைய வாள் ஒன்று இருக்கிறது. பிரித்தானியர் காலத்தில் முதலியார் பட்டம் பெற்றிருந்த மூதாதையர் ஒருவருடையது என்று வீட்டார் சொல்கிறார்கள். இடப்பெயர்வுகளின் போது சாக்கில் சுற்றி எடுத்துச் சென்று, மீளக்குடியேறிய பின்னர் பெட்டகத்தில் வைத்திருக்கிறார்கள். பிடியின் முனையில் சிங்க முகம் போன்ற ஒன்று தெரிகிறது. அலகு முழுவதும் கறுத்துவிட்டது. கோயில் திருவிழாவுக்கு முன்னர் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும் என்று பாட்டியார் விரும்புகிறார். முகநூலில் ஒருவர் விலைக்கும் கேட்டிருக்கிறார்.

வாள்களைச் சேகரிப்பவர்களும் ஆராய்பவர்களும் உலகின் பல பாகங்களில் இணையத்தில் கூடிப் பேசுகிறார்கள் என்று அறிகிறேன். எங்கே தொடங்க வேண்டும், எதை நம்பலாம், இப்படியான ஒரு வாளை வீட்டில் வைத்திருப்பதில் சட்டச் சிக்கல் உண்டா என்பவற்றை அறிய விரும்புகிறேன். ‘வாள்’ என்று சொன்னாலே வாள்வெட்டுக் குழுக்களின் நினைவு வரும் சூழலில் நாங்கள் வாழ்கிறோம் என்பதையும் கருத்தில் கொண்டு பதில் தருமாறு வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற அலுவலர், வவுனியா

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். சட்டத்தைப் பற்றிய பகுதிக்கு நான் பதில் எழுதுகிறேன். மற்றவற்றை அறிந்தவர்கள் எழுதுவார்கள்.

முதலில் பாட்டியாரிடம் சொல்லிப் புளியை நிறுத்தி வையுங்கள். அதன் காரணத்தைக் கொல்லர் யாராவது என்னை விட நன்றாக விளக்குவார்.

இலங்கையில் பழம்பொருள்களைப் பற்றிய அடிப்படைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள்கள் கட்டளைச் சட்டம். அது 1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் திகதிக்கு, அதாவது கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாளுக்கு, முற்பட்டது அல்லது முற்பட்டதாகக் கருதப்படும் பொருள்களையே தொல்பொருள் என்று வரையறுக்கிறது. உலோகக் கலைப் படைப்புகளும் அதற்குள் அடங்கும். ஆகவே அந்த வாள் 1815க்கு முந்தியதா பிந்தியதா என்பது வெறும் அறிவாசைக்கான கேள்வியாக நின்றுவிடாது. முதலியார் ஒருவருக்குப் பிரித்தானியர் ஆட்சியில் கிடைத்ததாக இருந்தால் அது பிந்தியதாக இருக்கலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாக வந்த பழைய வாளைப் பட்டமளிப்பின் போது அணிந்திருக்கவும் கூடும். குடும்பக் கதை மட்டும் இதைத் தீர்த்து வைக்காது.

இரண்டாவதாக, இன்னமும் கண்டெடுக்கப்படாமல் மண்ணுக்குள்ளோ குளத்துக்குள்ளோ ஆற்றுக்குள்ளோ கிடக்கும் தொல்பொருள்கள் யாவும் அரசுக்கே உரியவை. வயல் உழும் போதோ கிணறு வெட்டும் போதோ பழைய இரும்பு தட்டுப்பட்டால் தொடர்ந்து தோண்டாமல் அறிவிக்க வேண்டும் என்பதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள். எங்கள் மண்ணில் இதற்கு வேறு காரணமும் இருக்கிறது. துருப்பிடித்த நீண்ட உலோகத் துண்டு எல்லாம் வாளாக இருக்க வேண்டும் என்று இல்லை. வெடிக்காத எறிகணையின் பகுதியாகவும் இருக்கலாம். கண்ணிவெடி அகற்றப்பட்டதாகச் சொல்லப்பட்ட காணிகளிலும் இந்த எச்சரிக்கை தேவை. பொருள் தேடும் கருவியுடன் இளைஞர்கள் காட்டுக்குள் போவதை எந்தப் பெயரிலும் ஊக்குவிக்கக் கூடாது.

முகநூலில் விலை கேட்டவரைப் பொறுத்தவரை, வீட்டார் அவருக்குப் படமோ முகவரியோ கொடுக்காதிருப்பதே நல்லது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் இத்தகைய பொருள்களின் ஏற்றுமதியையும் வியாபாரத்தையும் உரிமப்பத்திரத்துக்கு உட்படுத்துகிறது. ‘யாரும் கேட்க மாட்டார்கள், நான் வெளிநாட்டுக்கு எடுத்துப் போகிறேன்’ என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் வைத்திருப்பது பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்குமாறு பொலிஸார் பொதுமக்களைக் கேட்டிருந்ததை நாம் மறந்துவிடவில்லை. எனவே வீட்டார் தாங்களாகவே முன்வந்து, தொல்பொருள் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, இப்படியொரு பரம்பரைப் பொருள் எங்களிடம் உள்ளது, அதன் காலத்தை அறிய விரும்புகிறோம் என்று தெரிவித்து, கிராம அலுவலரிடமும் ஒரு பிரதி கொடுத்து வைப்பதே எனக்குத் தெரிந்த சிறந்த வழி. கடிதத்துடன் படங்களையும் அளவுகளையும் இணையுங்கள். வாளைப் பேருந்தில் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போக வேண்டாம்; அவர்கள் வந்து பார்க்கட்டும், அல்லது எழுத்தில் அழைக்கட்டும். கோயில் ஊர்வலத்தில் அதைத் தூக்கிச் செல்வதையும் நான் விரும்பமாட்டேன். பூசையறையில் வைத்து வணங்குவது போதும்.

மல்லாவியிலிருந்து ரொறன்ரோ

சகோதரிக்கு வணக்கம். மல்லாவியில் பிறந்து கனடாவில் வாழ்கிறேன். வாள்களை வாங்கிச் சேர்ப்பதை விட அவற்றைப் பற்றிப் படிப்பதில்தான் எனக்கு ஈடுபாடு அதிகம். இந்தத் துறையில் காசு கொடுத்து வாங்குவதை விடப் பார்த்துப் பழகுவதே கண்ணைக் கூர்மையாக்கும் என்பது என் உறுதியான எண்ணம். வன்னியில் இருக்கும் ஒரு மாணவிக்கும் அந்த வழி முழுமையாகத் திறந்தே இருக்கிறது.

பிடியில் சிங்க முகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது ‘கஸ்தானே’ வகையாக இருக்க வாய்ப்பு மிகுதி. தேசியக் கொடியில் சிங்கம் ஏந்தி நிற்பது அந்த வகை வாளைத்தான். ஒருபக்கக் கூருள்ள, சற்றே வளைந்த குட்டையான அலகு. பிடியின் தலையில் சிங்கம் அல்லது மகரம் என்னும் கற்பனை நீர்விலங்கு. விரல்களைக் காக்கும் வளைவின் நுனியிலும், அலகை நோக்கிக் கீழே வளையும் குறுக்குக் கைகளின் நுனியிலும் சிறிய விலங்குத் தலைகள். இவை அந்த வகையின் அடையாளங்கள். ஒல்லாந்தர், பிரித்தானியர் ஆட்சிகளின் கீழ் முதலியார்கள் தங்கள் பதவியின் சின்னமாக இத்தகைய வாளைப் பட்டியில் தொங்கவிட்டிருந்தார்கள். ஆகவே குடும்பத்தார் சொல்வதும் வாளின் தோற்றமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. பொருந்துவது சான்றாகிவிடாது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். பண்டாரவன்னியன் 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிரித்தானியரிடமிருந்து கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க்கினால் தோற்கடிக்கப்பட்டதாகக் கற்சிலைமடு நினைவுக்கல் சொல்கிறது. அக்காலம் கண்டி இராச்சியமும் பிரித்தானியரும் போரிட்ட காலம். எனவே அந்தக் காலத்து வாள் எப்படி இருந்திருக்கும் என்று தேடுபவர் கண்டி அரசின் ஆயுதங்களையும் தென்னிந்திய ஆயுதங்களையும் பார்ப்பதே முறை. யப்பானிய வாளை விட்டுவிடலாம். ஐரோப்பிய அலகை அப்படித் தள்ளிவிட முடியாது. இலங்கைப் பிடி பொருத்தப்பட்ட கஸ்தானே வாள்கள் சிலவற்றின் அலகில் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை இருக்கிறது. அலகு கப்பலில் வந்தது, பிடி இங்கே செதுக்கப்பட்டது. நேரான ஐரோப்பிய வாளை வரைந்த மாணவன் முற்றிலும் பிழையென்று சொல்லிவிடாதீர்கள். பிடியை மாற்றி வரையச் சொல்லுங்கள்.

பார்ப்பதற்கான இடங்களைச் சொல்கிறேன். நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் நூதனசாலை 2017ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் தன் சேகரிப்பின் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எவரும் எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஆயுதப் பிரிவில் கஸ்தானே வாள்களும் உள்ளன. படத்தைப் பெருப்பித்து மகரத்தின் பல்வரிசை வரை பார்க்கலாம், அச்சிட்டு வகுப்பில் தொங்கவிடவும் செய்யலாம். ஆம்ஸ்டர்டாமின் றைக்ஸ் நூதனசாலையில் நீண்டகாலம் இருந்த ஆறு பொருள்கள், அதாவது கண்டி அரசின் மாகாணத் தலைவரான லெவ்கே திசாவையின் பீரங்கி, பொன்னாலும் வெள்ளியாலும் அலங்கரித்த இரண்டு விழா வாள்கள், ஒரு கத்தி, இரண்டு துப்பாக்கிகள் ஆகியவை, 2023இல் இலங்கைக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டன. அவை 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடிய போது எடுக்கப்பட்டவை. இப்பொழுது கொழும்பு தேசிய நூதனசாலைக்கு உரியவை. பாடசாலைச் சுற்றுலா கொழும்புக்குப் போகுமானால் மிருகக்காட்சிச்சாலையில் செலவிடும் நேரத்தில் பாதியை அங்கே கொடுங்கள் என்று மனதார வேண்டுகிறேன். இலண்டன் வாலஸ் சேகரிப்பு, லீட்ஸ் நகரின் றோயல் ஆர்மரீஸ் ஆகியவையும் தங்கள் பொருள்களின் அளவுகளையும் படங்களையும் இணையத்தில் தருகின்றன.

நூல்களில், பி. ஈ. பி. தெரணியகல 1942இல் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் சிங்கள ஆயுதங்களைப் பற்றி எழுதிய கட்டுரை அடிப்படையானது. தென்னிந்திய வாள்களுக்கு எகேர்ட்டன் 1880இல் வெளியிட்ட இந்திய ஆயுதங்களின் விவரநூல் இணைய ஆவணக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் சென்னை எழும்பூர் அரசு நூதனசாலையில் இருக்கின்றன. வன்னியின் சூழலை அறிய லூவிஸ் 1895இல் எழுதிய வன்னி மாவட்டக் கையேட்டைப் படியுங்கள். தமிழில் எங்கள் ஊர் வரலாறுகளுக்கு, 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்தை விடச் சிறந்த இடம் இல்லை. ஐரோப்பிய வாள்களில் ஆர்வம் கொள்ளும் மாணவர்களுக்கு, அலகின் வடிவத்தைக் கொண்டு இடைக்கால வாள்களை 10 முதல் 22 வரை எண்ணிட்டு வகைப்படுத்திய ஓக்ஷொட்டின் முறையை அறிமுகப்படுத்துங்கள். பொருளைக் கூர்ந்து பார்த்து இனம் பிரிப்பது எப்படி என்று அது கற்றுத்தரும்.

சேகரிப்பாளர் குழுக்களில் மைஆர்மரி ஐரோப்பிய வாள்களுக்கு வலுவானது. ஆசிய, ஆபிரிக்க ஆயுதங்களுக்கு வைக்கிங்சுவோர்ட் தளத்தின் இனக்குழு ஆயுதப் பகுதியே பொருத்தமானது. கஸ்தானே பற்றிய நீண்ட பழைய உரையாடல்கள் அங்கே உண்டு. கேட்பதற்கு முன்னர் அவற்றைத் தேடிப் படியுங்கள். அங்கே ‘இது எவ்வளவு பெறும்?’ என்று தொடங்கும் கேள்விக்கு மரியாதையான பதில் அரிதாகவே கிடைக்கும். அளவுகளுடன் கேட்டால் அறிஞர்களே வந்து எழுதுவார்கள். முழு நீளம், குறுக்குக் கையிலிருந்து நுனி வரை நேர்கோட்டில் அலகின் நீளம், பிடியருகில் அகலம், எடை, விரலில் வைத்தால் நிறை சமமாகும் இடம் ஆகியவற்றைக் குறியுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது தடிப்பு. பாடசாலைப் பௌதிக ஆய்வுகூடத்தில் உள்ள வேணியர் இடுக்கியால் பிடியருகிலும், நடுவிலும், நுனிக்கு நாலு விரல் முன்னும் அலகின் தடிப்பை அளவிடுங்கள். உண்மையான வாளில் தடிப்பு நுனியை நோக்கிக் குறைந்துகொண்டே போகும். சுற்றுலாப் பயணிகளுக்காகத் தகட்டை வெட்டிச் செய்த வாளில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிப்பாக இருக்கும். படத்தில் மறையும் இந்தப் பொய்யை இடுக்கி காட்டிக்கொடுத்துவிடும்.

கம்மாலைக்காரன், மாங்குளம்

ரீச்சருக்கு வணக்கம். நாங்கள் பரம்பரையாக இரும்பு வேலை செய்பவர்கள். நான் வாள் அடிப்பதில்லை. அடித்துத் தரச் சொல்லி வருபவர்களையும் திருப்பி அனுப்பிவிடுவேன். மண்வெட்டி, கோடாலி, காட்டுக்கத்தி என்பனவே என் வேலை. ஆனால் இரும்பு எனக்குத் தெரியும்.

புளி அமிலம். அது துருவைத் தின்னும் போது நல்ல இரும்பையும் சேர்த்துத் தின்னும். அலகில் படிந்திருக்கும் கறுப்பு எல்லாம் துரு என்று எண்ணக் கூடாது. சிவந்து, பொடியாக உதிர்வதுதான் தின்னும் துரு. கெட்டியாக, வழவழப்பாகப் படிந்த கறுப்பு உள்ளிருக்கும் இரும்பைக் காத்து நிற்கிறது. அதைத் தேய்த்தெடுத்தால் எங்கள் மாரிக் காலத்து ஈரத்தில் அடுத்த கிழமையே புதிய சிவப்புத் துரு ஏறும். முத்திரையோ எழுத்தோ மேற்பரப்பில் இருந்தால் அதுவும் தேய்ந்து போகும், போனது போனதுதான். பித்தளைப் பிடியையும் அப்படியே விடுங்கள். பித்தளை மினுக்கும் பசை செதுக்கலின் பள்ளங்களுக்குள் போய் வெள்ளையாக உறைந்துவிடும்.

செய்யக் கூடியது இதுதான். பருத்தித் துணியால் தூசியைத் துடையுங்கள். வெறுங்கையால் அலகைத் தொடாதீர்கள். வியர்வையிலுள்ள உப்பு விரல் பதிந்த இடத்திலேயே துருவைத் தொடக்கிவிடும். சிவந்த துரு உள்ள இடத்தில் தையல் மெசின் எண்ணெயை ஒரு துளி விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு அலகு முழுவதும் அதே எண்ணெயை மிக மெல்லிதாகப் பூசுங்கள். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம். அவை காலப்போக்கில் பிசினாகி, தூசியையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆயுதத்துக்கு நெய் பூசி வைப்பதை ஒளவையார் அதியமானுக்காகப் பாடிய புறநானூற்றுப் பாடலிலேயே படித்திருப்பீர்கள். அந்த நோக்கம் சரியானது, ஆனால் இன்று அதைவிட நல்ல எண்ணெய் கடையில் இருக்கிறது.

தோலுறை இருந்தால் வாளை அதற்குள் வைத்துச் சேமிக்கக் கூடாது. தோல் பதனிட்ட அமிலமும் அது உறிஞ்சும் ஈரமும் இரும்புக்கு எதிரி. வாளையும் உறையையும் பக்கம் பக்கமாக, வெள்ளைப் பருத்திச் சீலையில் தனித்தனியே சுற்றி வையுங்கள். சாக்கு வேண்டவே வேண்டாம்.

இன்னுமொன்று. இணையத்தில் ‘டமாஸ்கஸ்’ என்று அலையலையான கோடுகளுடன் விற்கும் வாள்களைக் கண்டு பிள்ளைகள் மயங்குகிறார்கள். பெரும்பாலும் இரண்டு வகை உருக்கை மடித்து ஒட்டி அடித்து, அமிலத்தில் தோய்த்து எடுத்த வேலை அது. சில வேளை வெறும் தகட்டில் அமிலத்தால் வரைந்த கோலமாகவும் இருக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் முன்னோர் செய்த உருக்கு வேறு. இரும்பையும் கரிச்சத்துள்ள பொருளையும் மண் மூசைக்குள் இட்டு, வாயை மூடி, உலையில் உருக்கி, மெல்ல ஆறவிட்டு எடுத்த கட்டி அது. கோடு அதற்குள்ளேயே பிறக்கிறது. அந்தக் கட்டியை அதிகம் காய்ச்சி அடித்தால் உடைந்துவிடும். சூடு குறைவாக, பொறுமையாக அடிக்க வேண்டும். இன்று லொறியின் ஸ்பிரிங் தகட்டில் வேலை செய்யும் எனக்கு அந்தக் கைகளை நினைத்தால் மரியாதை மிகுகிறது.

மல்லாவியிலிருந்து ரொறன்ரோ

கம்மாலை ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாத்தில் வாழ்ந்த அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீவின், அதாவது எங்கள் தீவின், உருக்கைத் தனியாகக் குறிப்பிடுகிறார். சமனலவெவப் பகுதியில் மலைச்சரிவின் மேற்கு முகத்தில் அமைத்து, பருவக்காற்றாலேயே இயக்கிய இரும்பு உலைகளை ஆய்வாளர் ஜூலெவ் கண்டறிந்து 1996இல் நேச்சர் இதழில் எழுதினார். துருத்தி ஊதாமல் காற்றே ஊதிய உலைகள். அந்த மாணவி உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுப்பாளானால் இதை அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வரலாற்று ஆசிரியை, ஒட்டுசுட்டான்

மூவருக்கும் என் நன்றி. புளி நிறுத்தப்பட்டுவிட்டது. பாட்டியார் மனவருத்தத்துடன்தான் இணங்கினார். கறுப்பு வாளைக் காக்கிறது என்று மாணவி விளக்கிய பின்னர், எண்ணெய் பூசும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார். விலை கேட்டவருக்கு வீட்டார் பதில் எழுதவில்லை. கடிதம் தயாராகிறது.

மாணவி அளந்த அளவுகள் இவை: அலகின் நீளம் 55 சென்ரிமீற்றர். தடிப்பு பிடியருகில் 6 மில்லிமீற்றர், நடுவில் 4, நுனிக்கு முன் இரண்டரை. விரல்காப்பு வளைவின் நுனியிலிருந்த தலை உடைந்து போயிருக்கிறது. பிடியிலிருந்து நாலு விரல் தள்ளி, அலகின் ஒரு பக்கத்தில், கறுப்புக்குக் கீழே ஏதோ கீறியது போன்ற அடையாளம் தெரிகிறது. தேய்க்காமல் அதைப் படமெடுக்க முடியுமா?

மல்லாவியிலிருந்து ரொறன்ரோ

தடிப்பு குறைந்து போகும் விதம் மிகவும் நம்பிக்கை தருகிறது. அது தகட்டில் வெட்டிய அலகாக இல்லாமல், அடித்துச் செய்த அலகாக இருக்க வாய்ப்பு மிகுதி.

அடையாளத்தைத் தேய்க்காமலே எடுக்கலாம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, வாளை மேசையில் கறுப்புத் துணியின் மேல் படுக்க வையுங்கள். கைபேசியை நேர் மேலே அசையாமல் பிடித்து, அதன் சொந்த ஒளியை நிறுத்திவிடுங்கள். இன்னொருவர் கைவிளக்கை மேசை மட்டத்துக்கு இறக்கி, அலகின் பக்கவாட்டிலிருந்து ஒளி மேற்பரப்பைத் தடவிச் செல்லுமாறு பிடிக்கட்டும். மிக ஆழமற்ற கீறலுக்கும் அப்போது நிழல் விழும். ஒளியை இடம், வலம், நுனிப்பக்கம், பிடிப்பக்கம் என்று மாற்றி மாற்றி எடுங்கள். ஒரு திசையில் மறையும் கோடு மற்றத் திசையில் தெரியும். ஒவ்வொரு படத்திலும் அடிமட்டம் ஒன்றை அலகின் அருகில் வையுங்கள். ஒல்லாந்துக் கம்பனியின் முத்திரையாக இருந்தால், பெரிய ‘வீ’ எழுத்தின் இரண்டு கைகளிலும் ‘ஓ’வும் ‘சீ’யும் கோத்திருக்கும். அந்த வடிவத்தை மாணவியிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள். தான் கண்ட கோடுகளை அவள் முதலில் தாளில் வரையட்டும். பிறகு படத்தையும் தாளையும் இங்கே சேர்த்துப் போடுங்கள்.